மரக்கறி உண்போர்க்கும் உள்ள கடன்

புலால் உண்ணாதார் பலர், தம் உணவினால் எவ்வுயிர்க்கும் இடரில்லையென மனநிறைவுற்றிருப்பர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். வகுப்பிலே கொல்லாமையைப் போதிக்கும்போது, அதன் எல்லை கறிச்சட்டியோடு முடிந்துவிடுவதுபோலவே போதித்தும் வந்தோம். அஃது எத்துணைச் சரியென்பதை இங்கே சிறிது ஆராய்வாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறொன்றில்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே நம் கிணற்றுநீர். துலாவினால் இறைத்த காலத்து மனிதனுடைய உடல்வலியே இறைப்புக்கு அளவாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வளவு நீங்கிற்று. குழையும் ஆட்டெருவும் இட்ட தோட்டங்களிலே யூரியா மிகுதியாக இடப்படலாயிற்று. பயிர் கொள்ளாது எஞ்சிய நைதரசன், நைத்திரேற்றாகி நீரோடு கீழிறங்குகின்றது; மலக்குழிகளும் அதற்குத் துணைசெய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை கடந்துள்ளதென ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் பச்சிளங்குழவியின் குருதி, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றக்கூடும். அத்தோட்டங்களின் வெங்காயமும் மிளகாயும் நம் மரக்கறிச் சமையலுக்கே வந்தன என்பதை மறத்தல் ஆகாது.

இதற்குக் கமக்காரனைக் குறைகூறுதல் எளிது, முறையன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டதும், விளைவு குன்றுமென எழுந்த முறைப்பாட்டின்பின் நவம்பரிலே அத்தடை நீக்கப்பட்டதும் யாவரும் அறிந்தனவே. ஆணையொன்றினால் ஒரேநாளில் மாற்றத்தக்க காரியமன்று இது. வாங்குவோர் எதனைக் கேட்கின்றாரோ அதனையே கமக்காரன் விளைவிப்பான். ஆதலின் வினா நம் அடுக்களைக்கே திரும்புகின்றது.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கல் வேண்டும். தூரத்திலிருந்து வருவதெல்லாம் கேடு, அயலில் விளைவதெல்லாம் நன்று என்பர் சிலர். நாம் உண்ணும் கோதுமை கப்பலில் வருவதே. எனினும் அவ்வழிச் செலவாகும் எரிபொருள் தானியத்தின் நிறையோடு நோக்கச் சிறிது. அதனை விளைக்க இட்ட உரமே பெரிதும் எண்ணத்தக்கது. அன்றியும், பசுவின் இரைப்பையில் உண்டாகும் மீதேன் வாயு பூமியை வெப்பமாக்குவது. ஆகவே பாலையும் நெய்யையும் குற்றமற்றனவென்று கணக்கினின்றும் தள்ளிவிடுதல் கூடாது. நீர் நிறைந்த நெல்வயலிலும் அவ்வாயு எழுகின்றது. சோற்றை விடுக என்று யாம் சொல்லோம். சொன்னாற் கேட்பாரும் இலர்.

பனை இறைப்பும் உரமும் வேண்டாது நிற்பது. அதன் கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல்மாவும், சிறிது நீரில் விளையும் குரக்கனும் ஏழையின் உணவென்று பெயர்பெற்றன. அப்பெயரே அவற்றை நம் அடுக்களையினின்றும் துரத்திற்று என்பது எம் துணிபு. எம் வீட்டு வேலியிலே முசுட்டையும் முருங்கையும் பறிப்பாரின்றி நிற்க, மலைநாட்டுக் கரட்டையும் லீக்சையும் விலைகொடுத்து வாங்கிய நாட்கள் பல. இதனை வெட்கத்தோடே எழுதுகின்றோம்.

இவை யாவற்றினும் கொடிது வீணாக்குதல். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி தொன். அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளில் வீணானது. இலையில் மிஞ்சவிடுதலை விருந்திட்டோனுக்குப் பெருமையாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அன்னதானத்தின்பின் குவியும் இலைகளைக் கண்ட உபாத்தியாயர்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

இவ்விஷயத்தை வகுப்பிலே பேசியபோது மாணவனொருவன், “அப்படியானாற் பால் குடிப்பதும் பாவமோ, ஐயா?” என்று வினாவினான். தேவையளவு குடிக்கலாமென்றோம். அவ்வளவு யாதென அவன் மீட்டும் வினாவினான். எம் வீட்டிலே காலைப் பால்தேநீர் இப்போது வெறுந்தேநீராயிற்று. நெய்யின் அளவு இன்னும் குறைந்தபாடில்லை.