திட்டமும் தவக்குலும்

“முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வினுடையது” என்று நாம் அடிக்கடி சொல்லிக் கொள்கிறோம். சொல்லுவதற்கு எளிதான வார்த்தைதான். ஆனால், நம்முடைய முயற்சி எந்த இடத்தில் முற்றுப் பெறுகிறது, அல்லாஹ்விடம் ஒப்படைப்பது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஒருவர் கேட்டுவிட்டால், நம்மில் பலர் விழிக்கத்தான் செய்வோம். இக்கேள்வி அண்மையில் என் வீட்டுக் கூடத்திலேயே எழுந்தது. அதற்குக் காரணமானவன் என் தம்பியின் மகன். கணினிப் பொறியியல் இறுதியாண்டு மாணவன்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பொறியியல் பயிலும் மாணவர்கள் பரீட்சை எழுதுவதோடு மட்டும் பட்டம் பெற்றுவிடுவதில்லை. இறுதியாண்டில் ஒரு பொருளைத் தாமே திட்டமிட்டு, வடிவமைத்துச் செய்தும் காட்டவேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று மதித்து ஏற்றுக்கொள்வதற்காக 1989-ல் வாஷிங்டன் உடன்படிக்கை ஏற்பட்டது. சிங்கப்பூர் 2006-லும், மலேசியா 2009-லும் அதில் முழு உறுப்பு நாடுகளாயின. வடிவமைக்கும் ஆற்றல் பட்டதாரியிடம் இருத்தல் வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கை எதிர்பார்க்கும் தகுதிகளுள் ஒன்று. ஆகவே இறுதியாண்டுத் திட்டப்பணி என்பது விளையாட்டன்று.

என் தம்பி மகனும் அவன் தோழர் மூவரும் வயது முதிர்ந்தோருக்காக ஒரு கைப்பட்டை செய்ய எண்ணியிருந்தார்கள். முதியவர் தவறி விழுந்தால் பட்டை அதனை உணர்ந்து பிள்ளைகளின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். நல்ல எண்ணந்தான். ஆனால், திட்டத்தாளைப் படித்தபோது அது அத்துடன் நிற்கவில்லை. நாடித் துடிப்பை அளக்கும்; இரத்த அழுத்தத்தைச் சொல்லும்; தமிழிலும் மலாயிலும் பேசும்; நோய் வருமுன் அறிவிக்கும்! எல்லாம் இரண்டே பருவங்களில்.

“இத்தனையும் முடியுமா, தம்பி?” என்றேன்.

“இன்ஷா அல்லாஹ், முடியும் பெரியத்தா!”

“பாட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கணக்குப் பார்த்தீர்களா?”

“அதெல்லாம் பிறகு பார்த்துக் கொள்ளலாம். அல்லாஹ் இருக்கிறான்.”

இந்த மறுமொழி என் நெஞ்சில் தைத்தது. பிள்ளையின் ஈமானில் குறையில்லை. ஆனால், அந்தப் புனிதமான வார்த்தை கணக்குப் போடாத சோம்பலுக்குத் திரையாகி விட்டதே என்றுதான் வருந்தினேன். அவனை மட்டும் குறை கூறி என்ன பயன்? குறித்த நேரத்திற்கு வாராத நாமும், திருப்பித் தர எண்ணாத கடனுக்கு நாள் குறிக்கும் நாமும் அதே வார்த்தையைத்தானே சொல்லுகிறோம்?

“நாளை இதனைச் செய்வேன்” என்று கூறுகிறவன் இறைவன் நாடினால் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும் என்பது திருக்குர்ஆனில் கஹ்ஃப் அத்தியாயம் தரும் போதனை. உறுதி கொண்டவனுக்குப் பணிவைக் கற்பிக்க வந்த வார்த்தை அது. உறுதியே இல்லாதவன் தப்பித்துக் கொள்வதற்காக அருளப்பட்டதன்று. ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுரை கூறிய செய்தி திர்மிதியில் இடம் பெற்றிருப்பதை நாம் அறிவோம்.

ஹிஜ்ரத்தையே எண்ணிப் பாருங்கள். கி.பி. 622-ல் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அவர்களைக் காட்டிலும் இறைவனை நம்பியவர் எவர்? அப்படியிருந்தும், வடக்கே உள்ள மதீனாவிற்குச் செல்ல வேண்டியவர்கள் முதலில் தெற்கே இருந்த தௌர் குகையை அடைந்தார்கள். மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். பாலைவனப் பாதையை நன்கறிந்த ஒருவரை, அவர் முஸ்லிமாக இல்லாதிருந்தும், கூலிக்கு அமர்த்தினார்கள். இவை யாவும் முன்யோசனையோடு வகுத்த திட்டமல்லவா?

அத்திட்டத்தில் இன்னுமொரு பகுதியும் இருந்தது. மக்காவாசிகள் நாயகத்திடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் பின்தங்கினார்கள். உயிருக்கு ஆபத்து சூழ்ந்த இரவிலே கூடப் பிறருடைய அமானிதம் திட்டத்திலிருந்து விடுபடவில்லை! திட்டத்தின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து. திட்டமென்பது நம் காரியம் கைகூடுவதற்கு மட்டும் உள்ள வழியன்று. நம்மை நம்பியவருக்கு நாம் செலுத்தும் கடமையும் அதனுள் அடங்கும்.

மாணவர் எழுதும் திட்டத்தாளும் ஓர் அமானிதமே. அதனை நம்பி ஆசிரியர் அனுமதி வழங்குகிறார். தோழர் தம் ஓராண்டு உழைப்பை அதில் முதலாகப் போடுகிறார். எல்லாரையும்விட மேலாக, அந்தப் பட்டையை அணியப் போகும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். “உம்மா கையில்தான் பட்டை இருக்கிறதே” என்று பிள்ளைகள் அவரைத் தனியே விட்டுச் செல்வார்கள். பட்டையே இல்லாவிட்டால் அண்டை வீட்டாரையாவது ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். நிறைவேறாத வாக்குறுதி வெறும் ஏமாற்றத்தோடு முடிவதில்லை. முன்பிருந்த பாதுகாப்பையும் அது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இதற்கு உலகம் கொடுத்த விலை சிறிதன்று. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் தெராக்-25 என்னும் இயந்திரம் கனடாவில் உருவாக்கப்பட்டது. அதற்கு முந்திய இயந்திரங்களில், தவறு நேர்ந்தால் கதிரைத் தடுத்து நிறுத்தத் தனியான பூட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. புதிய இயந்திரத்தில் அப்பொறுப்பைப் பெரும்பாலும் கணினிப் புரோகிராமிடமே விட்டுவிட்டார்கள். புரோகிராமில் பிழைகள் மறைந்திருந்தன. 1985-க்கும் 1987-க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களுள் சிலர் அதனால் உயிர் துறந்தார்கள். உடல் சுட்டது என்று நோயாளி கூறியும், இயந்திரம் தவறு செய்யாது என்றே முதலில் மறுமொழி வந்தது. அதனைச் செய்தவர்கள் கொடியவர்களல்லர். சோதித்து உறுதி செய்யவேண்டிய இடத்தில் நம்பிக்கையை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

“இளைஞர்கள் பெரிதாக எண்ணினால்தானே பெரிதாகச் சாதிப்பார்கள்? தொடக்கத்திலேயே கணக்கைக் காட்டி அச்சுறுத்தலாமா?” என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. பெரிதாக எண்ணட்டும்; அதற்குத் தடையில்லை. ஆனால், எண்ணுவது வேறு. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது வேறு. எண்ணம் நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது. எழுத்தோ நமக்கும் மனிதருக்கும் இடையே உள்ளது. மதிப்பெண்ணுக்காக இருபத்திரண்டாம் வயதில் மிகைப்படுத்தி எழுதப் பழகிய கை, நாற்பதாம் வயதில் மருத்துவமனைக் கருவிக்கும் அவ்விதமே எழுதும்.

இனி, கணக்கினால் விளைந்த நன்மையைப் பாருங்கள். நான் பிள்ளைகளிடம் வேண்டிக் கொண்டது ஒன்றே: “செய்வதற்குமுன், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் போய்ப் பேசுங்கள்.” அவர்கள் என் தாயாரிடம் சென்று அரைநாள் அமர்ந்திருந்தார்கள். தாயார் பட்டையின் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒளுச் செய்யும்போது இதைக் கழற்றி வைத்துவிடுவேனே, வாப்பா” என்றார்கள். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். ஈரத் தரையில் வழுக்கி விழும் ஆபத்து மிகுந்த இடம் குளியலறை; அங்கேதான் பட்டை கையில் இராது!

மற்றொன்றும் வெளிப்பட்டது. விழும்போது உடலின் அசைவை அளக்கும் சென்சாரில் எடை ஒரு நொடிப்பொழுது குறைந்து, தரையில் மோதும்போது திடீரென உயரும். அதை வைத்தே புரோகிராம் தீர்ப்புச் சொல்லுகிறது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாலும், ஸுஜூதுக்குச் சற்று விரைவாகச் சென்றாலும் அது ஏமாறக் கூடும். ஐவேளைத் தொழுகையிலும் பொய்ச்செய்தி போனால், மெய்யாக விழும் நாளில் எந்தப் பிள்ளை எழுந்து ஓடி வருவான்? மேலும், இளைஞர்கள் மெத்தையின் மீது விழுந்து பார்ப்பது சோதனை ஆகாது. எழுபது வயதினர் விழுவது வேறு விதம்.

பாட்டரிக் கணக்கும் போட்டார்கள். 300 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் சிறிய பாட்டரி. வானொலி அலை எப்போதும் இயங்கிச் சராசரி 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் மூன்றே மணி நேரம். தேவைப்படும்போது மட்டும் இயங்கும்படி அமைத்து, அதனைப் பத்தாகக் குறைத்தால் முப்பது மணி நேரம். ஒரே ஒரு வகுத்தல் கணக்கு! அதனை முதல் வாரம் போடுவதா, கடைசி வாரம் கண்ணீர் விடுவதா?

இவ்வாறு திட்டம் மாறியது. இரத்த அழுத்தமும் பேச்சும் நீங்கின. நீர் புகாத ஒரு பட்டை. விழுவதை மட்டும் உணர்வது. இத்தனை சோதனையில் இத்தனை முறைக்கு மேல் தவறக்கூடாது என்ற அளவு. சர்க்யூட் போர்டு முதன்முறை சரியாக அமைவது அரிதாகையால், இரண்டாம் போர்டுக்கும் நாளும் பணமும் ஒதுக்கினார்கள். நால்வர் தனித்தனியே செய்த பகுதிகள் ஒன்று சேரும்போதுதான் சண்டை தொடங்கும். ஆகவே, இணைப்பதற்கென்றே பல வாரங்களை விட்டார்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளுக்காகச் சேமிக்கச் சொன்ன நபி யூசுப் (அலை) அவர்களின் வழி இதுவல்லவா?

பாதி வழியில் இதுவும் இயலாது என்று தெரிந்தால் என்ன செய்வது? குறைத்துக் கொள்வது வாக்குத் தவறுவதாகுமா? என்னைக் கேட்டால், தெரிந்த அன்றே ஆசிரியரிடமும் தோழரிடமும் வெளிப்படையாகச் சொல்லுவது வாக்குத் தவறுதலன்று. மறைப்பதே தவறுதல். காட்சி நாளன்று திரைக்குப் பின்னால் ஒருவன் பொத்தானை அழுத்த, கருவியே செய்தி அனுப்பியதாகக் காட்டுவது பொய்ச் சாட்சியத்தை ஒத்ததே. “இருபது முறையில் பதினாறு முறை அறிந்தது, நான்கு முறை அறியவில்லை” என்று எழுதுகிறவன் மதிப்பெண்ணில் சிறிது இழக்கலாம், அமானிதத்தை இழக்கமாட்டான்.

புதிய திட்டத்தாளை என்னிடம் காட்டியபோது என் தம்பி மகன், “இப்போதாவது இன்ஷா அல்லாஹ் சொல்லலாமா, பெரியத்தா?” என்று சிரித்தான். சொல்லலாம், இப்போதுதான் சொல்லவேண்டும். அந்தப் பட்டை வெற்றி பெறுமா என்று எனக்குத் தெரியாது. போர்டு பழுதாகலாம், ஒருவர் நோயுறலாம். கணக்கு எட்டாத அந்த இடத்தில்தான் தவக்குல் தொடங்குகிறது. கணக்கு எட்டும் இடத்திலேயே அதனைத் தொடங்குவது நம்பிக்கையன்று. நம்மை நம்பியவரைக் கைவிடுவது.

பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரே! “என்ன மதிப்பெண்?” என்று கேட்பதற்கு முன்னால், “யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறாய்?” என்று ஒருமுறை கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களின் அறிவிலும் அமானிதத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.