காப்பு அவிழ்க்காத மேடைகள்

ரோலிங் ஸ்டோன்ஸ் தொடங்கியது 1962இல். நம் இலங்கையின் ஜிப்சீஸ் இசைக்குழு தொடங்கியதும் அதே ஆண்டுதான். 2021 ஒகஸ்ட் 24ஆம் திகதி முன்னவர்களின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் காலமானார். இரண்டு வாரம் ஆவதற்குள், செப்டெம்பர் 6ஆம் திகதி, பின்னவர்களின் பாடகர் சுனில் பெரேராவும் போய்ச் சேர்ந்தார். இரு குழுக்களும் மேடையை விட்டு இறங்கவில்லை. இரசிகர்களோ இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இனி நிறுத்திவிடுவார்களோ? வயதைக் கணக்குப் பார்ப்பது, அடுத்த ஆண்டுக்கு அறிவிப்பு வந்ததா என்று தேடுவது, பேட்டியில் தவறி விழுந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது என்று இந்த ஊகம் ஓயாது. பொழுதுபோக்குப் பேச்சாகத் தெரிந்தாலும், அதற்குள் சமயவாதிகள் நெடுங்காலமாக அலசிய ஒரு கேள்வி கிடக்கிறது. ஒருவருக்கு வாய்த்த குரலும் கையும் யாருடையவை? அவற்றை இறக்கி வைக்கும் உரிமை யாருக்கு?

கடவுள் கொடுத்ததை மனிதன் நிறுத்தக் கூடாது, மூச்சிருக்கும் வரை பாட வேண்டும் என்பது பக்தர்களிடம் அடிக்கடி கேட்கிற பதில். இதற்குச் சாட்சியாகச் செம்பை வைத்தியநாத பாகவதரைக் காட்டலாம். போன குரல் குருவாயூரப்பன் அருளால் மீண்டது என்று நம்பி, சம்பாத்தியத்தையும் அந்தக் கோயிலுக்கே கொடுத்தவர் அவர். 1974 ஒக்டோபர் 16ஆம் திகதி ஒற்றப்பாலத்தில் ஒரு கிருஷ்ணன் கோயிலில் பாடினார். அன்றே உயிர் பிரிந்தது. ஆனால் எம்.எஸ். சுப்புலட்சுமியை என்ன செய்வது? 1997 நவம்பரில் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு அவர் கச்சேரி மேடை ஏறவில்லை. 2004 டிசெம்பரில் கண் மூடும் வரை ஏழு ஆண்டுகள் அப்படியே இருந்தார். அவருடைய பக்தி செம்பையின் பக்தியைவிடக் குறைந்தது என்று சொல்லத் துணிந்தவர் யாருமில்லை. ஆகவே பக்தி இருந்தால் நிறுத்தக் கூடாது என்ற விதி இங்கேயே உடைகிறது. இருவரிடமும் பொதுவாக இருந்தது வேறு. ஒருவர் குருவாயூரப்பனுக்குப் பாடினார், அந்தக் கணக்கு முடிய இடமே இல்லை. மற்றவருக்குக் கச்சேரி என்பது அருகில் ஒரு மனிதர் இருந்து நடத்திய வாழ்வு, அவர் போனதும் அது முடிந்தது. பாட்டு எந்த உறவில் பிறந்ததோ அந்த உறவுதான் எப்போது முடிப்பது என்று தீர்மானித்தது. சபையின் ஒப்புதலை இருவருமே கேட்கவில்லை.

மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்குக் காமன் கூத்து ஒரு நேர்த்தியான பதிலை வைத்திருக்கிறது. மாசி மாத அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். மன்மதனுக்கும் ரதிக்கும் வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். இருவருமே ஆண்கள்தான். தப்பு அதிர அதிர இரவெல்லாம் ஆட்டம் நடக்கும். சிவன் கண்ணைத் திறக்க, காமன் எரிவான், ரதி புலம்புவாள், பிறகு காமன் உயிர்த்தெழுவான். அத்தோடு காப்பு அவிழும். அதுவரை மன்மதனாக மதிக்கப்பட்டவர், மறுநாள் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கவ்வாத்துக்கோ மருந்தடிக்கவோ போகிற தொழிலாளி. அவருக்கு முட்டி வலி வந்து ஆட முடியாமல் போனால் வேஷம் இன்னொருவரிடம் போகும். மன்மதன் ஓய்வு பெறுவானா என்று எந்த லயத்திலும் யாரும் ஊகம் கட்டியதில்லை. கட்டுவதற்கு ஒரு சடங்கு இருப்பதுபோல அவிழ்ப்பதற்கும் ஒன்று இருப்பதே காரணம்.

பெரிய மேடைகளில் இல்லாதது அந்த இரண்டாவது சடங்குதான். அதன் இடத்தில் 'கடைசிச் சுற்றுப்பயணம்' என்ற விளம்பரத்தை வைத்திருக்கிறார்கள். த ஹூ குழு 1982இல் விடைபெறும் பயணம் போனது, 1989இல் திரும்பி வந்தது. இப்படி ஏமாந்தவர்கள் ஊகம் கட்டாமல் வேறென்ன செய்வார்கள்? 2017 ஒக்டோபர் 28ஆம் திகதி மைசூரில், எழுபத்தொன்பது வயதில், எஸ். ஜானகி இதுவே என் கடைசி மேடை என்று சொல்லிப் பாடியதை அதனால்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஊர் கூடியிருக்க, அவரே தம் காப்பை அவிழ்த்தார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். செம்பை இறைவனுக்குப் பாடினார், சரி. ரொக் குழு காசு கொடுத்தவனுக்காகப் பாடுகிறது. உங்கள் கணக்குப்படியே அந்த உறவில் இரசிகனும் ஒரு தரப்பு, அவனுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது, ஆனால் டிக்கெட் வாங்கியது ஓர் இரவை மட்டுமே. அந்த இரவை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது. அடுத்த ஆண்டையும் கேட்பது பற்று. பற்றை அன்பு என்று பெயர் மாற்றிக்கொள்வதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். பலனில் உரிமை கொண்டாடாதே என்று கீதை சொல்வதைக் கலைஞனுக்கு மட்டும் சொன்ன புத்தியாக எடுத்துக்கொள்கிறோம். கேட்பவனுக்கும் அது பொருந்தும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கூத்தைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, அதுவே தேய்ந்துகொண்டு வருகிறதே? இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள், மாசியில் காப்புக் கட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. வேஷம் கைமாற ஒரு கை வேண்டும். ஆனால் கவனியுங்கள், இங்கே ஆடுகிறவர் நிறுத்துவதற்கு முன்பே பார்க்கிறவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். கலைஞன் எப்போது நிறுத்துவான் என்று நாள் கணக்குப் பார்க்கும் இரசிகன், தான் எப்போது நிறுத்தினேன் என்று ஒருபோதும் கேட்டுக்கொள்வதில்லை. எண்பது வயதுப் பாடகருக்கு அந்தக் கேள்வியை அனுப்புவதைவிட, வருகிற மாசியில் தீபாவளிக்கு வருவதுபோல் லீவு போட்டு ஊருக்கு வாருங்கள். பொட்டலில் காமன் எரிந்து எழும்வரை உட்கார்ந்திருங்கள். முடிந்தால் காப்புக் கட்ட உங்கள் கையையும் நீட்டுங்கள்.