படிக்காமல் எழுதிய சரியான விடை

சனிக்கிழமை காலையில் எங்கள் கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. நான் ஆசிரியை இல்லை. வார நாட்களில் கணக்கு வேலை, சனிக்கிழமை மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு ‘அக்கா’. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் கருத்துணர்தல் பயிற்சி ஒன்றை போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்தேன். எட்டுக் கேள்விகள், இருபது நிமிடம். கடைசி வரிசையில் இருந்த தம்பி ஐந்தே நிமிடத்தில் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். திருத்திப் பார்த்தேன். ஆறு சரி.

“அதுக்குள்ள படிச்சிட்டியா?”

“படிக்கலக்கா. கேள்வியப் பாத்தேன். அதுல இருக்கற சொல்ல பாசேஜ்ல தேடினேன். பக்கத்துல என்ன இருக்கோ அதுக்கு ஒத்து வர்ற விடையப் போட்டேன். டியூஷன்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. முழுசா படிச்சா நேரம் போயிடும்லா.”

முன் வரிசையில் ஒரு தங்கச்சி. இருபது நிமிடம் முடிந்தும் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஐந்து சரி. அந்தப் பகுதி ஒரு சிற்றூரின் பழைய சந்தையைப் பற்றியது. நகராண்மைக்காரர்கள் அதை இடித்துவிட்டு வாகன நிறுத்துமிடத்தோடு புதிய கட்டடம் கட்டப் போகிறார்கள். எழுதியவர் சந்தையின் அழுக்கு, நெரிசல், மீன் வாடை எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறார். சிறு வயதில் ஞாயிறுதோறும் பாட்டியோடு முணுமுணுத்துக்கொண்டே அங்கே போனதைச் சொல்கிறார். தாளை வாங்கும்போது அந்தத் தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, இவரு சந்தையப் பத்தி எழுதற மாதிரி பாட்டியப் பத்தித்தான எழுதறாரு?”

அப்படி ஒரு கேள்வி அந்தத் தாளில் இல்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரிதாம்மா. ஆனா தேர்வுல அவன் செய்யற மாதிரி செய், நேரம் மிச்சமாகும்” என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அப்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, வேறு ஒரு விஷயத்தில்தான் உறுத்தியது.

எங்கள் இளைஞர் பிரிவின் புலனக் குழுவுக்கு ஒரு படம் வந்தது. ஒரு விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பேசியதன் அரைப் பக்கம். நம் திருவிழாக்கள் வெறும் சத்தம், படித்த பிள்ளைகள் இதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்ற வரிகளுக்குக் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு வரி காரமாக எழுதி, இன்னும் இரண்டு குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரு தோழி அந்தப் பேச்சு முழுவதையும் அனுப்பினாள். நான்கு பக்கம். சிவப்புக் கோடு போட்ட வரிகளுக்கு முந்தைய வரியில், ‘சிலர் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று இருந்தது. மீதி மூன்று பக்கமும் அந்தச் சிலருக்கு அவர் கொடுத்த பதில். நமக்காகப் பேசிய மனிதர் அவர். அதற்குள் எங்கள் ஆட்கள் சிலர் அவருடைய பக்கத்திற்கே போய், எழுதக்கூடாததை எல்லாம் எழுதியிருந்தார்கள்.

மூன்று குழுக்களிலும் மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. கோபம் போன வேகத்தில் மன்னிப்பு போகாது.

அன்று இரவுதான் அந்தத் தம்பியின் நினைவு வந்தது. சொல்லைத் தேடினேன், பக்கத்தில் இருந்ததை எடுத்தேன், ஒத்து வருகிற முடிவைப் போட்டேன். அவன் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவனுக்கு அதில் ஆறு மதிப்பெண் கிடைத்தது, எனக்கு ஒரு நல்ல மனிதரைக் காயப்படுத்திய பாவம் கிடைத்தது. இதையா அந்தத் தங்கச்சிக்குப் பழகிக்கொள்ளச் சொன்னேன்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தம்பி ஏமாற்றுக்காரன் இல்லை. எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் முதல் தாள் நாற்பது கேள்விகள், ஒன்றரை மணி நேரம். ஒரு கேள்விக்கு இரண்டே கால் நிமிடம்தான், படிக்கும் நேரத்தையும் சேர்த்து. வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைக்கு அந்தச் சொல் தேடும் வித்தை ஒரு கைத்தடி. மெட்ரிகுலேஷன், உபகாரச் சம்பளம் என்று எல்லாவற்றுக்கும் முடிவுத்தாளைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கத் தெரிந்த நான், அவனிடமிருந்து அந்தக் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டு ‘ஆழமாகப் படி’ என்று உபதேசம் செய்வது எளிது. நாளைக்கு அவன் தவறிவிட்டால் அந்த நஷ்டம் எனக்கு இல்லை.

தவிர, அந்த வித்தை எல்லா இடத்திலும் தப்பும் இல்லை. அதே தாளின் முதல் பிரிவில் அறிவிப்பு, விளம்பரம், குறுஞ்செய்தி போன்ற துண்டுகள் வரும். பேருந்து நேர அட்டவணையை யாரும் தியானம் செய்து படிப்பதில்லை. வேண்டியதைத் தேடி எடுத்துக்கொள்கிறோம், அதுதான் அங்கே சரியான வாசிப்பு.

ஆனால் ‘எழுத்தாளர் என்ன கருதுகிறார்?’ என்ற கேள்வி வரும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. அங்கே நாம் தகவல் தேடவில்லை. எதிரில் இல்லாத ஒரு மனிதரைப் பற்றி, ‘இவர் இப்படிச் சொன்னார்’ என்று சாட்சி சொல்கிறோம். அவர் சொன்னதை முழுதாகக் கேட்காமல் சாட்சி சொன்னால், அது சரியாக அமைந்துவிட்டாலும் பொய்ச் சாட்சிக்குப் பக்கத்து வீடுதான். தற்செயலாக உண்மையாகிப் போன சாட்சியை எந்த நீதிபதியும் பாராட்ட மாட்டார். தேர்வுத்தாளில் மட்டும் அதற்கு ஒரு சரி போட்டுவிடுகிறோம்.

‘தேர்வுப் பகுதியில் வரும் எழுத்தாளருக்கு இதனால் என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். ஒன்றுமில்லைதான். நஷ்டம் அவருக்குப் பிறகு நம் முன்னால் வருகிறவருக்கு. ஐந்து வருஷம் வாரா வாரம் பழகிய கண், கைப்பேசியைப் பார்க்கும்போது மட்டும் பொறுமையாகிவிடாது. அம்மா சண்டையில் சொன்ன பத்து வாக்கியத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருக்கிறோமே, அதுவும் இதே பழக்கம்தான்.

நம்மவர்கள் இதை வெறும் திறமையாகப் பார்க்கவில்லை, ஒழுக்கமாகப் பார்த்தார்கள். திருக்குறளில் 42ஆம் அதிகாரத்தின் பெயர் ‘கேள்வி’. அங்கே அதன் பொருள் காதால் கேட்டு அறிவது. இன்று கேள்வி என்றால் நமக்குத் தேர்வுத்தாளில் வரும் வினாதான். ஒரே சொல், ஆனால் நாம் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். அதற்கு அடுத்த அதிகாரம் அறிவுடைமை. வள்ளுவர் கேள்வியை முன்னால் வைத்திருக்கிறார். சைவ சித்தாந்தத்திலும் ஞானத்திற்கான படிகள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்றுதான் போகின்றன. சிந்திப்பதே இரண்டாவதுதான்.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது சிவஞான சித்தியார். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றியது. அதில் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள். தம் சித்தாந்தத்தைச் சொல்லும் சுபக்கம் பிறகுதான் வருகிறது. முதலில் வரும் பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் முதலான பிற கொள்கையினர் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒவ்வொருவருடைய கொள்கையையும் முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகே மறுக்கிறார். கடவுளே இல்லை என்பவனுடைய வாதத்தையும் ஒரு சிவாசாரியார் பாட்டாக எழுதி வைத்திருக்கிறார்! பரபக்கத்தில் ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்து, சிவப்புக் கோடு போட்டுப் புலனத்தில் அனுப்பினால் என்ன ஆகும்? அருள்நந்தி சிவம் நாத்திகர் என்று நாமே அவரைத் திட்டி எழுதிவிடுவோம். நான் அந்த விரிவுரையாளருக்குச் செய்தது இதைத்தான்.

ஒரு நூலின் உண்மையான கருத்து எது என்று கண்டுபிடிக்க வேதாந்திகள் ஆறு அடையாளங்கள் வைத்திருந்தார்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா, எது திரும்பத் திரும்ப வருகிறது, வேறு எங்கும் கிடைக்காத புதுச் செய்தி எது, இதை அறிவதால் வரும் பயன் என்ன, எதைப் புகழ்கிறார் எதை இகழ்கிறார், என்ன காரணம் காட்டுகிறார். உபநிடதத்துக்கு என்று வைத்ததை எஸ்.பி.எம். பாசேஜுக்குப் போடலாமா என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தோம். சந்தைப் பகுதி பாட்டியின் கூடையில் தொடங்கி, அந்தக் கூடையிலேயே முடிகிறது. நடுவில் நான்கு இடத்தில் பாட்டி வருகிறார். அழுக்கு என்ற சொல் ஒரே பத்தியில் மட்டும் இருக்கிறது, அதுவும் ‘மற்றவர்கள் சொல்வது சரிதான்’ என்று ஒத்துக்கொள்ளும் இடத்தில். அந்தத் தங்கச்சி ஒரு அடையாளமும் தெரியாமலே இதைப் பிடித்திருந்தாள்.

ஒழுக்கம் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. அவளுக்கு ஒரு கேள்வி போனது, ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லை ‘ரிலாக்ஸ்’ என்று நினைத்துக்கொண்டதால். அதற்குத் தத்துவம் எதுவும் உதவாது, அகராதிதான் வேண்டும்.

இப்போது வகுப்பில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். முதல் பத்து நிமிடம் கேள்விகள் இருக்கும் பக்கத்தை மடித்து வைத்துவிட வேண்டும். பகுதியை மட்டும் படிக்க வேண்டும். பிறகு ஒருவர் எழுந்து, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டும். எழுதியவரே மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அவர் கேட்டுவிட்டு, ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். ‘அவர் சொல்றது தப்பு’ என்று வாதாடலாம், ஆனால் அந்தத் தலையாட்டல் கிடைத்த பிறகுதான். அதற்கப்புறமே கேள்விப் பக்கத்தைத் திருப்புகிறோம்.

இதனால் மதிப்பெண் கூடியதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். சிலருக்குக் கூடியது. அந்தத் தம்பிக்கு முதல் இரண்டு வாரம் குறைந்தது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான்காம் பிரிவில்தான் அவனுக்கு இது கைகொடுக்க ஆரம்பித்தது. அங்கே பனுவலிலிருந்து ஆறு வாக்கியங்களை எடுத்துவிட்டு, கீழே எட்டு வாக்கியங்களைக் கொடுத்திருப்பார்கள். எது எந்த இடத்துக்கு என்று வைக்க வேண்டும், இரண்டு மிஞ்சிவிடும். ‘ஆனால்’, ‘இதனால்’, ‘அப்படிப்பட்ட’ என்ற சின்னச் சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று தெரியாவிட்டால் அங்கே சொல் தேடும் வித்தை அதிக தூரம் போகாது. தேர்வு வைப்பவர்களுக்கும் நம் வித்தை தெரிந்துதான் இருக்கிறது போல. முடிவுத்தாள் வரும்வரை நான் செய்தது அவனுக்கு நன்மையா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இந்தப் பயம் எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் இருக்கிறது.

போன வாரம் ஒரு புதுப்பிள்ளை சேர்ந்தாள். அவளுக்காக அந்தச் சந்தைப் பகுதியையே மறுபடி எடுத்தேன். விளக்கும்போது, “சந்தைய இடிக்கக் கூடாதுன்னு இவர் எவ்வளவு பக்குவமா சொல்றார் பாரு” என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து கை ஒன்று உயர்ந்தது. அதே தம்பி.

“அக்கா, அவரு இடிக்கக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே. நெனச்சா கஷ்டமா இருக்குன்னுதான சொல்றாரு. எந்த வரில சொல்றாரு, காட்டுங்க.”

தாளை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். சந்தையை இடிக்கக் கூடாது என்பது என் கருத்து. அவருடைய நான்கு பத்திகளில் அப்படி ஒரு வரியும் இல்லை. “நீ சொல்றதுதான் சரி தம்பி” என்று சொல்லிவிட்டு, புதிதாக வந்தவளிடம் அதை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.