அரைமணி நேரத்தின் விலை

தாகத்தை உண்டாக்குகிறவனே தண்ணீரையும் விற்றால் அது நியாயமான வியாபாரம்தானா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஒரு மிட்டாய் விளையாட்டு.

‘கேண்டி க்ரஷ் சாகா’ என்று அதற்குப் பெயர். மிட்டாய்களை மூன்று மூன்றாய்ச் சேர்த்தால் அவை உடைந்து மறையும். அவ்வளவுதான், குழந்தைக்கும் புரியும். இதைச் செய்த கிங் கம்பெனி 2003-இல் ஸ்வீடனில் தோன்றியது. அந்நாளில் அவர்களுடைய விளையாட்டுத் தளத்தின் பெயர் மிடாஸ்பிளேயர். தொட்டதெல்லாம் பொன்னாக வரம் வாங்கிய அரசன் மிடாஸ். சோறும் பொன்னாகிப்போய் அவன் பட்டினி கிடந்த கதையைப் பெயர் வைத்தவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்! அப்போது வியாபாரம் நேரானதாக இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் காசு கட்டிப் போட்டியில் சேர்ந்தார்கள். வென்றவன் பரிசை எடுத்துக்கொண்டான்; கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டது.

2012-இல் முதலில் பேஸ்புக்கிலும், ஆண்டு முடிவதற்குள் கைப்பேசியிலும் வந்த மிட்டாய் விளையாட்டு அந்த முறையையே மாற்றிவிட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. ஐந்து உயிர்கள் தருகிறார்கள். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்ப அரைமணி நேரம் ஆகும். காத்திருக்கலாம், சிநேகிதர்களிடம் கேட்டுப் பெறலாம், அல்லது காசு கொடுத்து உடனே வாங்கலாம். இன்னும் இரண்டே நகர்த்தலில் வென்றிருப்போமே என்று மனம் துடிக்கிற கணத்தில், மேலும் ஐந்து நகர்த்தல்கள் வேண்டுமா என்று திரை கேட்கும். கடன்காரன்கூட இத்தனை நேரம் பார்த்து வருவதில்லை!

இதைச் சூது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தருமபுத்திரன் பகடையை உருட்டியபோது, எதிரியின் பொருள் கைக்கு வரலாம் என்ற ஆசையாவது இருந்தது. இங்கே கொடுத்த காசு எந்த உருவிலும் திரும்பாது என்பது கொடுக்கிறவனுக்கே தெரியும். விலை எழுதி ஒட்டியிருக்கிறது. கட்டாயம் இல்லை. பின் என்ன ஆட்சேபம்?

சுவரைக் கட்டியவனே ஏணியையும் வாடகைக்கு விடுகிறான் என்பதுதான். விளையாட்டு ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் போகிறது. அவற்றில் 65-ஆம் கட்டம் ஒரு காலத்தில் பெயர் போனது. தாண்ட முடியாமல் பலர் அங்கேயே நின்றார்கள். கம்பெனி பிறகு அதை எளிதாக்கியது. கருணை என்று நினைத்துவிடாதீர்கள். சுவர் மிக உயர்ந்தால் ஆள் திரும்பிப் போய்விடுவான். தாழ்ந்தால் ஏணி விலைபோகாது. அந்த அளவை அறிவதுதான் தொழிலே.

தொடர்கதை எழுதுகிறவன் வாரக் கடைசியில் கதாநாயகியைக் கிணற்றடியில் நிறுத்துவதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் கிணற்றடியில் வாசகர் அத்தனை பேரும் ஒரே விலை கொடுத்து நின்றார்கள். அவசரக்காரரிடம் மட்டும் நான் தனியாகக் கை நீட்டவில்லை.

இங்கே அப்படியா? 2013-இன் கடைசி மூன்று மாதங்களில் கிங் கம்பெனியின் விளையாட்டுகளை மாதந்தோறும் ஆடியவர்கள் ஏறக்குறைய 30 கோடிப் பேர். காசு கொடுத்தவர்கள் 1.2 கோடி. நூற்றுக்கு நான்கு பேர்! அந்த ஆண்டு வருமானம் மட்டும் சுமார் 188 கோடி டாலர். 2016-இல் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற பெரிய கம்பெனி இதை 590 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் பெரிய கம்பெனியையே வாங்கிவிட்டது.

நான் மிச்சமுள்ள 96 பேரில் ஒருவன். ஒரு பைசா கொடுத்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் நம்மில் பலருக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இது யார் போட்ட சாப்பாடு? சத்திரத்தில் உண்கிறவனுக்கு, அதைக் கட்டியவர் பெயர் வாசற்கல்லில் தெரியும். அவர் மனமுவந்து கொடுத்தார். இங்கே எனக்குப் படியளக்கிறவர், தாம் படியளப்பதையே அறியமாட்டார். ரயிலில் பொழுது போகாமல் ஒரு டாலரை அலட்சியமாக வீசுகிற பணக்காரர் என்றால் எனக்கு உறுத்தல் இல்லை. தூக்கம் வராமல் இரவு இரண்டு மணிக்கு, பால்காரனுக்கு வைத்த பணத்தில் நான்காம் தடவையாக உயிர் வாங்குகிற ஒரு பெண் என்றால்?

யார், எந்த நேரத்தில், எத்தனை தடவை கொடுத்தார்கள் என்பது விற்கிறவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் மட்டும், ‘இன்றைக்குப் போதும் அம்மா, நாளைக்கு வாருங்கள்’ என்று திரை சொல்லலாம். அரைமணிக்கு ஓர் உயிர் என்று எண்ணத் தெரிந்தவர்களுக்கு அது அப்படி ஒன்றும் கடினமான வேலை அல்ல.