வித்தையின் விலை

"கலையை விற்கலாமா?" என்று கேட்பவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் கற்பிக்கிறவர்கள் அல்ல, கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் சிலம்பம் பழைய வித்தை. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைக்கும் காணிக்கைதான் ஆசானுக்கு ஊதியம். காலம் மாறிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மாதச் சம்பளம் வாங்கும் பயிற்சிக் கூடங்கள் பெருகின. பாடங்கள் புத்தகமாகவும் படமாகவும் விலைக்கு வருகின்றன. "வித்தை வியாபாரமாகிவிட்டது!" என்கிறார்கள்.

இந்த முணுமுணுப்பில் பாதி நியாயம். மறு பாதி கஞ்சத்தனம்.

கஞ்சத்தனத்தை முதலில் பார்ப்போம். கராத்தேயை ஒகினாவாத் தீவிலிருந்து 1922ல் டோக்கியோவுக்குக் கொண்டுவந்த ஃபுனாகோஷி கிச்சின், ஐம்பது வயதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர். அந்த மாநகரில் மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, அறைகளைப் பெருக்கி, வாயிற்காவல் காத்துக் காலந்தள்ளினார். உடுப்பை அடகு வைத்த நாளும் உண்டு. பிற்காலம் அவரைத் தந்தை என்று போற்றியது. போற்றுதல் நல்லதுதான், ஆனால் அது அன்றைய அடுப்பை எரிய வைக்கவில்லை.

காணிக்கைத் தட்டும் இலவசத்தின் சின்னம் அன்று. இல்லாதவன் ஒரு ரூபாய் வைத்தாலும் தலைகுனிய வேண்டாம் என்பதற்காக ஏற்பட்டது அது. இன்று இருப்பவனும் அதே ஒரு ரூபாயை வைத்துவிட்டு மரபின் பின்னால் ஒளிந்துகொள்கிறான். தீப்பெட்டி ஆபீசில் கூலி வாங்கும் தாயின் பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டுமானால், வசதியுள்ளவன் தன் பங்கைக் கூசாமல் கொடுத்தாக வேண்டும்.

இனி, நியாயமான பாதி. ஃபுனாகோஷியின் முதல் புத்தகம் 1922ல் வெளிவந்தது. 1923 பூகம்பத்தில் அதன் அச்சுத் தகடுகள் அழிந்தன. 1925ல் மீண்டும் வந்தது. 1935ல் வேறொரு விரிவான நூல். 1957ல் அவர் மறைந்தபின் 1958ல் அதற்கும் ஒரு திருத்திய பதிப்பு. முதற்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவன் ஏமாந்தானா? இல்லை. ஆசான் அன்று அறிந்ததை அவன் வாங்கினான். "இதோடு முடிந்தது" என்று சொல்லி விற்றிருந்தால்தான் அது மோசடி.

சிலம்பத்திலும் அப்படியே. சலாம் வரிசையைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துவிடலாம். பத்து வருஷம் கம்பு சுற்றியவனுடைய காலடியை ஆசான் இன்றும் திருத்துகிறார். வரிசை புத்தகத்தில் கிடைக்கும்; திருத்துகிற கண் கிடைக்காது. அந்தக் கண்ணுக்காகத்தான் மாதாமாதம் கொடுக்கிறோம். "மூன்றே மாதத்தில் முழு வித்தை" என்று பலகை மாட்டுகிறவன் விலை கேட்டதனால் குற்றவாளி ஆகவில்லை. பொய் சொன்னதனால் ஆகிறான்.

போன கோடையில் உழுத நிலந்தானே என்று கரிசல் சம்சாரி இந்தக் கோடையில் ஏரைச் சார்த்தி வைப்பதில்லை. உழவுக்கு ஆகும் செலவை நஷ்டம் என்றும் அவன் எழுதுவதில்லை. வித்தை கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: கேட்கிற கூலியை வாய்விட்டுக் கேளுங்கள், கொடுப்பதை மனமொப்பிக் கொடுங்கள். வித்தை முடிந்துவிட்டதாக மட்டும் இருவரும் நினைத்துவிடாதீர்கள்.