மலிவு எங்கிருந்து வந்தது?

அழகாக உடுத்துவது ஆன்மீகத்துக்கு ஆகாது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். முகாம்களில் 'எளிமை' என்று பேச்சு ஆரம்பித்தால் போதும், பேசுகிறவர் கண் பெண் பிள்ளைகளின் தோட்டுப் பக்கம்தான் போகும். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. கோயிலில் அபிஷேகம் முடிந்ததும் அடுத்த வேலை அலங்காரம்தானே? திரையைப் போட்டு நம்மைக் காக்க வைக்கிறார்கள். திரை விலகும்போது கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வருகிறதே, அது அழகைக் கண்ட மூச்சு. சாமிக்கே நகை பூட்டிப் பார்க்கிற மரபில் பிறந்துவிட்டு, அழகு பாவம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அதனால் அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது மலிவு.

எனக்கு இரண்டு ஆசைகள் உண்டு. ஒன்று, பண்டல் கடையில் பழைய கவுன் தேடுவது. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணியில், எழுபதுகளில் தைத்த ஒரு பூப்போட்ட கவுன் கிடைத்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அந்தப் பக்கம் முக்கால் அங்குலம் துணி விட்டிருப்பார்கள், உடம்பு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ள. விளிம்பைக் கையால் மடித்துத் தைத்திருப்பார்கள். ஜிப்கூட இரும்பு ஜிப். இப்போது பேரங்காடியில் விற்கும் கவுனில் அந்த முக்கால் அங்குலத்தைத் தேடினால் கிடைக்காது. இரண்டாவது ஆசை கண்ணாடி. வளையல், பாசிமணி, டார்ச் தீயில் கண்ணாடிக் குச்சியை உருக்கி ஒவ்வொன்றாகச் செய்த தோடு. தங்கம் விற்கிற விலையில் என் வயசுப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் நகை இதுதான். வெயிலில் காட்டினால் அதற்குள்ளே ஒரு வெளிச்சம் ஓடும் பாருங்கள், அது தங்கத்தில் இல்லை.

பாட்டிக்குப் பண்டல் துணி பிடிக்கவே பிடிக்காது. "யாரு போட்டதோ, என்ன நோவோ, செத்தவங்க துணியோ" என்பார். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இறந்தவர் உடம்பில் கிடந்த துணியை வீட்டில் வைத்துக்கொள்ளாத வழக்கம் நமக்கு இருக்கிறது. உடுத்தியவர் கொஞ்சம் துணியில் தங்கிவிடுகிறார் என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. ஆனால் இதே எண்ணத்தை நாம் நல்லதுக்கும் வைத்திருக்கிறோமே! பிறந்த குழந்தையை முதலில் புதுத்துணியில் சுற்றுவதில்லை. வீட்டுப் பெரியவர் கட்டிக் கட்டி மெத்தென்று ஆன வேட்டியிலோ சேலையிலோ சுற்றுகிறோம், அவர் ஆயுசு பிள்ளைக்கும் வரட்டும் என்று. அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலத்தில் எடுத்து வந்து நல்ல நாளில் கட்டிக்கொள்கிறோம். ஆண்டாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் சூடிப் பார்த்த மாலையைத்தான் பெருமாள் கேட்டார். இன்றைக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகிறது. ஒருவர் உடுத்திவிட்டார் என்பதாலேயே ஒரு பொருள் தாழ்ந்துவிடும் என்றால் இதற்கெல்லாம் என்ன சொல்வது? பாட்டியின் நோவு பயத்துக்கு வெந்நீரும் வெயிலும் இருக்கின்றன.

அம்மா மறுப்பது வேறு காரணத்துக்காக. அதற்கு வெந்நீர் பத்தாது. அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "கிராணி வீட்டுப் பிள்ளைங்க போட்டுக் கழிச்சதைத்தான் நாங்க போட்டோம். பள்ளிக்கூடத்துல அந்தப் பிள்ளையே வந்து, 'இது என் கவுனு'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லும். நீ சம்பாதிக்கிற. உனக்கு என்ன தலையெழுத்து?"

இதற்கு எதிராக வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரே கவுன்தான். வேறு வழியில்லாமல் போட்டால் அவமானம், தேடிப் பிடித்துப் போட்டால் ஸ்டைல். 'விண்டேஜ்' என்கிற சொல் அந்த அவமானத்தை ஒரு நாளும் பட்டிராதவர்கள் கண்டுபிடித்தது. பழைய துணியை ஆசைப்பட்டு உடுத்த எனக்கு முடிகிறதென்றால், என் அம்மா பால் மரத்தடியிலிருந்து என்னைக் கரையேற்றி விட்டதால்தான் முடிகிறது. தீபாவளிக்கு மட்டும் மஞ்சள் தடவிய புதுத்துணிதான் உடுத்துவேன். அது அம்மாவின் நாள்.

சரி, பண்டல் கவுன் ஏன் மலிவு? யாரோ ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கி, உடுத்தி, போதும் என்று விட்டுவிட்டார். அதைத் தைத்தவருக்குக் கிடைத்த கூலி நல்லதோ கெட்டதோ, அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நான் கொடுக்கும் 8 வெள்ளிக்காகப் புதிதாக ஒருத்தியும் இரவு ஷிப்டில் உட்கார வேண்டியதில்லை. அது காலம் கொடுத்த மலிவு.

புதுத்துணியின் மலிவு அப்படி இல்லை. 2013 ஏப்ரல் 24ஆம் தேதி, வங்காளதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே இருந்தவை தையல் ஆலைகள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. தையல்காரப் பெண்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். நம் வயசுப் பெண்கள். அவர்கள் தைத்த துணி உலகம் முழுக்கப் பேரங்காடிகளில் மலிவு விலையில் தொங்கியது. 'பழசு போட்டால் தோஷம்' என்கிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது, அந்தப் புதுசுக்கு என்ன தோஷம் என்று.

ஆனால் இதைச் சொல்லிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் முடியாது. வேலை நாளில், காலை நேரத்தில் பண்டல் கடைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது என்னைப் போன்றவர்கள் இல்லை. துப்புரவு வேலை செய்யும் அக்காமார்கள், வெளிநாட்டுத் தொழிலாளிகள், மூன்று பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தேடும் தாய்மார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு கிடையாது. நம்மைப் போன்றவர்கள் உள்ளே நுழைந்து, நல்லதைப் பொறுக்கி, இணையத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்க ஆரம்பித்தால் கடைக்காரரும் விலையை ஏற்றத்தானே செய்வார்? சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழைய சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. தரையில் விரிப்புப் போட்டு விற்றவர்களில் பலர் வயசானவர்கள், வாங்கியவர்களில் நிறைய பேர் கையில் காசில்லாதவர்கள். அப்படி ஓர் இடம் போனால் எளிதில் திரும்பி வராது. நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தடித்த கால்சட்டை, வேலைக்குப் போடும் சட்டை, பிள்ளைத்துணி, மழைக்கோட்டு எதையும் தொட மாட்டேன். யாரும் சீண்டாத, எந்த வேலைக்கும் உதவாத பூப்போட்ட கவுன் எனக்கு. இன்னொன்று, ஒரு கவுன் உள்ளே வந்தால் அலமாரியிலிருந்து ஒன்று வெளியே போக வேண்டும். 8 வெள்ளி என்பதற்காக எட்டு கவுன் வாங்குவது ஆசை இல்லை, வெறும் பசி.

கவுன் விஷயத்தில் இப்படியாவது ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட முடிகிறது. கண்ணாடியில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வார இறுதிச் சந்தையில், கையால் செய்த கண்ணாடித் தோடு ஒரு ஜோடி 45 வெள்ளி. செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்பார், பெயர் அட்டை இருக்கும், எந்த நிறத்துக்கு எந்தக் குச்சி என்று விளக்குவார். அங்கிருந்து மஸ்ஜிட் இந்தியாவுக்கோ கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கோ தேக்காவுக்கோ போனால், ஒரு டஜன் கண்ணாடி வளையல் நாலைந்து வெள்ளி. தோட்டைக் 'கைவினை' என்கிறோம். வளையலை 'வளையல்' என்கிறோம், அவ்வளவுதான்.

இந்த வளையல்களில் பெரும்பாலானவை உத்தரப் பிரதேசத்தில், ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரோசாபாத்திலிருந்து வருகின்றன. ஊரே வளையல் ஊர். உலையில் உருகிய கண்ணாடியைக் கம்பி நுனியில் எடுத்து, நூல்போல் இழுத்து, சுழலும் உருளையில் சுற்றுகிறார்கள். நீளமான ஸ்பிரிங் மாதிரி வரும். அதை ஓர் ஓரமாகக் கீறினால் வாய் திறந்த வளையங்களாக உதிரும். இதுவரைக்கும் ஆலை வேலை. அதற்குப் பிறகு அந்த வளையங்கள் கட்டுக் கட்டாக வீடுகளுக்குப் போகின்றன. வளையத்தின் இரண்டு முனைகளையும் சமமாக்கி, ஒரு சின்னத் தீயில் காட்டி, உருகும் நொடியில் ஒட்ட வேண்டும். ஹிந்தியில் 'ஜுடாய்' என்பார்கள், இணைப்பு. காற்றடித்தால் தீ ஆடும் என்று ஜன்னலைச் சாத்திய அறையில், பெண்களும் பல வீடுகளில் பிள்ளைகளும் உட்கார்ந்து செய்யும் வேலை. நாள் முழுக்கத் தீயை உற்றுப் பார்ப்பதால் கண்ணும், புகையால் நெஞ்சும் போகின்றன.

தாஜ்மகாலின் பளிங்கு கறுக்கிறது என்று வழக்குப் போட்டதில், 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத்து ஆலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும் அல்லது வேறு இடம் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. பளிங்குக்காகப் பேச ஆள் இருந்தது. வீட்டுக்குள்ளே, ஒரு பெண் மூக்குக்கு முன்னால் எரியும் தீ அந்த வழக்கின் பார்வையில் படவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதும், குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் தொழில் என்றால் விதிவிலக்கு. வீடு என்ற சொல் எவ்வளவு வசதியான சொல் பாருங்கள்.

ஆக, நம் கையில் குலுங்கும் ஒவ்வொரு வளையலிலும் ஓர் ஒட்டு இருக்கிறது. நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். அந்த இடத்தில் ஒரு கை இருந்தது. டஜன் வளையலுக்குப் பன்னிரண்டு தடவை. 45 வெள்ளித் தோட்டைவிட அதிகமான கைகள் பட்ட பொருள் அது. ஆனாலும் 'கையால் செய்தது' என்று அதன்மேல் யாரும் எழுதுவதில்லை. நம் நாட்டில் கைவினை என்ற சொல் கைக்குக் கிடைப்பதில்லை, தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள முடிந்தவருக்குக் கிடைக்கிறது. சந்தையில் நிற்கும் அந்தத் தோடு செய்பவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்கும் விலை சரியான விலை. ஒரு கண்ணாடி நகைக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை அவர் மேசையில்தான் நான் தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாலு வெள்ளி கசந்தது.

இது நமக்குப் புதிய கதையும் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி, பாசிமணி செய்தார்கள். அதே வகை மணிகள் பேராக்கில் கோலா செலின்சிங்கிலும், கெடாவில் சுங்கை மாஸிலும் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. மணி மட்டுமல்ல, அதைச் செய்யும் தொழிலும் கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறது. சோழன் கடாரம் வருவதற்கும் முன்னால், ரயிலுக்கும் ரப்பருக்கும் ரொம்ப ரொம்ப முன்னால் இந்த மண்ணில் அந்தக் கண்ணாடி வேலை நடந்திருக்கிறது. அரசன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. மணி இழுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

'அப்போ வளையல் வாங்காதே' என்று தோழி ஒருத்தி சட்டென்று சொன்னாள். அது எனக்கு ஒப்பவில்லை. நான் வாங்காமல் விட்டால் என் மனசு சுத்தமாகும், அந்த வீட்டு அடுப்பு அணையும். பேரம் பேசாமல் வாங்குவது கொஞ்சம் தேவலாம், ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் ஒரு வெள்ளி கிள்ளான் கடைக்காரரிடமே நின்றுவிடும், பிரோசாபாத் வரை நடந்து போகாது. ஒருத்தி தனியாக ஒரு டஜன் வாங்கும்போது அவளுக்குக் கேட்கும் பலம் கிடையாது.

கேட்கும் பலம் உள்ளவர்கள் நாம்தான், அதாவது கோயில்களும் நம்மைப் போன்ற இயக்கங்களும். ஆடிப் பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் சாத்தி, வருகிற பெண்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறோம். ஆண்டாள் பிறந்த நாளும் அதுதான். எங்கள் கோயிலில் மட்டும் பெட்டி பெட்டியாக வாங்குகிறோம். நவராத்திரிக்கு வேறு. கூட்டத்தில் நாம் பேசுவது எப்போதும் ஒன்றே ஒன்று: எந்தக் கடையில் குறைச்சல்?

இந்த வருடம் கொள்முதல் வேலை என்னிடம் வந்தது. மொத்தக் கடைக்காரரிடம் விலை கேட்ட கையோடு, "அண்ணே, இதை ஒட்டினது யாரு, எங்க, பெரியவங்களா பிள்ளைங்களா, கூலி எப்படின்னு உங்க ஆளுகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றேன். அவர் கால்குலேட்டரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இருபது வருசமா வளையல் விக்கிறேன். உடையுமான்னு கேட்டிருக்காங்க, சாயம் போகுமான்னு கேட்டிருக்காங்க. இதை யாரும் கேட்டதில்லையேம்மா." கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை. பக்கத்து மூன்று கோயில்களும் அவரிடம்தான் வாங்குகின்றன. அந்தக் கோயில்களின் இளைஞர் பிரிவுச் செயலாளர்களுக்கும் இதே கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.