சபைப் பிரிவுகளும் இறை அணுக்கமும்

முன்னுரை

திருவனந்தபுரம் நகரின் பாளையம் பகுதியில் புனித சூசையப்பர் இலத்தீன் பேராலயமும், தென்னிந்தியத் திருச்சபையின் மட்டீர் நினைவு ஆலயமும் அமைந்துள்ளன. பட்டத்தில் சீரோ மலங்கரைக் கத்தோலிக்கரின் பேராலயமும், கவடியாரில் இரட்சணிய சேனையின் தலைமையகமும் உள்ளன. சில கல் தொலைவிற்குள் அமைந்த இச்சபைகள் யாவும் கிறிஸ்துவையே ஆண்டவராகப் போற்றுவன. இறைவனோடு நெருங்கி வாழ்தலே தத்தம் நோக்கம் என்றும் அவை கூறுகின்றன. அவ்வாறாயின், ஒரே இறைவனை நெருங்குவோர் தம்முள் விலகி நிற்றல் எங்ஙனம் இயலும்? இவ்வறவினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பிரிவின் வரலாறு

1653 சனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் நிகழ்ந்த கூனன் குருசு சத்தியம் கேரளக் கிறித்தவ வரலாற்றின் பெரும் திருப்பமாகும். போர்த்துக்கீசியச் சேசு சபையாரின் ஆட்சிக்குக் கீழ்ப்படிவதில்லை எனத் தோமையார் வழிக் கிறித்தவர்கள் அன்று சூளுரைத்தனர். கடவுள் யார் என்னும் வினாவைவிட, சபையை ஆள்பவர் யார் என்னும் வினாவே ஆங்கு முதன்மை பெற்றது. பின்னர் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய தரப்பினரிடையே எழுந்த வழக்கிலும் தலைமை உரிமையே மையமாயிற்று.

இணைப்பு முயற்சிகளும் நிகழாமல் இல்லை. 1930 செப்டம்பர் 20ஆம் நாள் மார் இவானியோஸ் உரோமைத் திருச்சபையோடு இணைந்தார். அவ்விணைப்பு உறவின் வழியே ஓர் உடன்பாட்டை உருவாக்கினும், கேரளத்தில் மற்றுமொரு தனிச்சபை தோன்றவும் காரணமாயிற்று. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலிய மரபினர் கூடித் தென்னிந்தியத் திருச்சபையை நிறுவினர். எனினும் அதனுட் சேராது தனித்து நின்ற சபைகள் பலவாகும். எனவே அமைப்பின் ஒருமை ஒன்றே இறை அணுக்கத்திற்குச் சான்றாகாது என்பது பெறப்படும்.

கல்லறை வாயில்

பிரிவின் அறக்கேடு இறந்தோர் அடக்கத்தில் வெளிப்படையாயிற்று. 1934ஆம் ஆண்டின் சபை அமைப்பு விதிகளே மலங்கரைச் சபைக்குரிய தேவாலயங்களைக் கட்டுப்படுத்தும் என 2017 சூலை 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், முன்னோர் துயிலும் கல்லறைத் தோட்டத்தில் உடலை அடக்கம் செய்வதே சில இடங்களில் பூசலாயிற்று. இதனைத் தீர்க்க 2020இல் கேரள அரசு முதலில் அவசரச் சட்டம் பிறப்பித்தது. பின்னர்த் திருவனந்தபுரத்தில் கூடிய சட்டமன்றம் அடக்க உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. உயிர்த்தெழுதலை நம்புவோர், தம்மைப் போன்றே நம்பி இறந்தவருக்கு ஆறடி நிலம் அளிக்க அரசின் ஆணை வேண்டியதாயிற்று. வழக்கில் எத்தரப்பின் வாதம் வலிது என்பது ஈண்டு வினாவன்று. வென்ற தரப்பாயினும் தோற்ற தரப்பாயினும், பிணத்தை வாயிலில் நிறுத்திவிட்டுச் செய்யும் வழிபாடு யாரை நெருங்குகின்றது என்பதே வினாவாகும்.

இலக்கியம் தரும் சான்று

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் இதற்கு ஒரு விடை பகர்கின்றது. வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்துப் 'பேதகமறுத்தல்' முதலிய நூல்களை இயற்றினார். அவரே 'தேம்பாவணி'யும் பாடினார். மறுப்பு நூல்கள் இன்று ஆய்வாளர் கைகளில் மட்டும் உள்ளன. காப்பியமோ எல்லாச் சபையினராலும், பிற சமயத்தாராலும் பயிலப்படுகின்றது.

இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்குப் புறம்பாகப் போதித்தமைக்காக 1660இல் சிறைப்பட்டவர் ஜான் பனியன். அவர்தம் பயண நூலைத் தழுவியே, ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' படைத்து 1894இல் வெளியிட்டார். சிறைப்படுத்திய சபையின் மரபில் வந்த கவிஞர், சிறைப்பட்டவரின் பக்தியைத் தமிழாக்கித் தந்தார். பிற சபையை நோக்கி எழுதியவை வேலியாயின. இறைவனை நோக்கி எழுதியவை வேலியைக் கடந்தன எனலாம்.

ஒரு தடை

மனச்சான்றுக்காகப் பிரிதலும் தவறோ என வினவலாம். தவறன்று. பனியன் தம் மனச்சான்றைத் துறந்திருப்பின் அவர் நூலே எழுந்திராது. ஆயின், மனச்சான்றுக்காகத் துன்பம் ஏற்றல் வேறு. அதன் பெயரால் பிறர்க்குத் துன்பம் இழைத்தல் வேறு. முன்னதில் இறை அணுக்கம் உண்டு. பின்னதில் தன்முனைப்பே உண்டு.

முடிவுரை

சைவ சித்தாந்தம் முத்தி நிலைகளுள் ஒன்றாகச் சாமீபத்தைக் கூறும். இறைவன் அருகிருத்தலாகிய அந்நிலை, சற்புத்திர மார்க்கம் எனப்படும் மகன்மை நெறியின் பயனாகும். கிறித்தவம் கூறும் மகன்மை இதனின் வேறாயினும், அருகிருத்தல் என்பதன் பொருளை இவ்வொப்புமை தெளிவிக்கின்றது. தந்தையின் இருமருங்கும் நிற்கும் மக்கள் தம்முள் வெகுதொலைவில் நிற்றல் இயலாது. அங்ஙனம் நிற்பாராயின், ஒருவரேனும் தந்தையின் அருகில் இல்லை என்பதே பொருள்.

ஆகவே சபைகள் யாவும் ஒன்றாதல் இறை அணுக்கத்திற்கு முன்நிபந்தனை அன்று. மாற்றுச் சபையாரின் பிணத்திற்கும் தன் கல்லறை வாயிலைச் சட்டம் கூறுமுன் திறக்கும் சபையே இறைவனை அணுகிய சபை எனத் துணியலாம்.